கம்ப்யூட்டருக்குப் போட்ட கண்ணாடி

இப்போது யாரைப் பார்த்தாலும் கண் எரிகிறது என்கிறார்கள். என் அக்கா பெண்ணுக்கு எரிகிறது, மாடி வீட்டு மாப்பிள்ளைக்கு எரிகிறது, எங்கள் அடுக்குமாடியின் வாட்ச்மேனுக்கும் எரிகிறது. போனைப் பார்க்கிறார்களாம், லேப்டாப்பைப் பார்க்கிறார்களாம், அதனால் எரிகிறதாம். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கிறார். நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி என்று ஒன்றை விற்கிறார்கள். சுற்றியிருப்பவர்கள் ஐயோ பாவம் என்கிறார்கள். எனக்கு வயிறும் சேர்ந்து எரிகிறது. எனக்கும்தானே எரிந்தது! தொண்ணூறுகளில், மயிலாப்பூரில், கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்குக் கண் எரிந்தபோது சொட்டு மருந்தும் இல்லை, ஐயோ பாவமும் இல்லை. "யாருடி அவன்?" என்றுதான் கேட்டார்கள்.

பி.காம். முடித்த கையோடு எனக்கு ஆழ்வார்பேட்டையில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, கிரகப்பிரவேச அழைப்பு, விசிட்டிங் கார்டு, கோயில் நோட்டீஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்து, ஓரத்தில் பூவும் வாழைமரமும் சேர்த்து, அச்சகத்துக்கு அனுப்பும் கடை. கடை என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும். சென்டர் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் ஏதோ ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு, வீட்டு முன் அறையில் இதைத் தொடங்கியிருந்தார். நாங்கள் மாமா என்று கூப்பிட்டோம். உள்ளே போகும்போது செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது. அறையில் ஏ.சி. உண்டு, கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது. மனுஷிக்கு எது ஆகும், எது ஆகாது என்று அங்கே யாரும் யோசித்ததாக நினைவில்லை.

ஆனாலும் அந்த வேலை எனக்கு உயிர். வீட்டில் நான் யார்? பார்க்க வருகிறவர்களுக்குக் காபி டம்ளரை நீட்ட வேண்டியவள். அங்கே அப்படியில்லை. நான் ஒரு எழுத்தைத் தட்டினால் அது வந்து நிற்கும். பெரிதாகு என்றால் பெரிதாகும், நடுவில் போய் நில் என்றால் போய் நிற்கும். அதுவரை என் பேச்சுக்கு உடனே மதிப்புக் கொடுத்த ஜீவன் வேறு எதுவும் கிடையாது. தினமும் லஸ்ஸிலிருந்து ஆழ்வார்பேட்டைக்கு நடந்தே போவேன், ராணி மாதிரி.

மாமாவிடம் ஒரு குணம் உண்டு. வாங்கின பொருள் எதுவாக இருந்தாலும் அதன் மேலே வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டார். நாற்காலியில் உறை, அதனால் உட்கார்ந்தால் 'பர்ர்' என்று ஒரு சத்தம் வரும், வருகிறவர்கள் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். டெலிபோனுக்கு உறை. ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை. சுவர்க் கடிகாரத்தின் முகத்தில்கூட ஒரு நீல நிறத் தாள் ஒட்டியபடியே இருந்தது, மணி எப்போதும் மழைக்காலத்து சாயங்காலம் போலவே தெரியும். கேட்டால், "புதுசா இருக்கட்டுமேம்மா" என்பார். நானும் ரொம்பச் சிரிக்க முடியாது. எங்காத்து ஃபிரிட்ஜின் கைப்பிடியிலும் பிளாஸ்டிக் இருந்தது.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிற அக்கா ராயப்பேட்டையிலிருந்து வருவார். வீட்டில் உருது, எங்களிடம் அசல் சென்னைத் தமிழ். பத்திரிகையின் தலையில் பிள்ளையாரை அவரைப் போல அம்சமாக உட்கார வைக்க யாராலும் முடியாது. என் கண்ணில் கோளாறு வந்ததை முதலில் பார்த்தவரும் அவர்தான்.

"இன்னா கண்ணு, கண்ணு ரெண்டும் கோவைப்பயம் மாரி செவந்து கீது?"

எரிந்தது, அக்கா. காலையில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் மணல் போட்ட மாதிரி ஆகிவிடும். அந்தக் கால மானிட்டர் ஒரு பெரிய டிரங்குப் பெட்டி. முகத்துக்கு நேரே ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நிமிஷமும் சும்மா இராமல் துடித்துக்கொண்டே இருக்கும். ஏ.சி. காற்று நேராக என் முகத்தில் அடிக்கும். சாயங்காலம் தெருவில் இறங்கினால், எதிரே வருகிற பஸ்ஸின் பலகையில் எண் தெரியாது. தண்ணீர் மட்டும் தாரையாக வரும்.

இதில்தான் ஒரு நாள் மானம் போயிற்று. மந்தைவெளிக்காரர் ஒருவர் பெண் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகை. 'இஷ்டமித்ர பந்துக்களுடன் வந்திருந்து', அதாவது நண்பர்களோடும் சொந்தக்காரர்களோடும் வந்து ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்று இருக்க வேண்டும். கண்ணீருக்குப் பின்னாலிருந்து அடித்ததில் ஒரு 'க்' விழுந்துபோய், 'பந்துகளுடன்' என்று நின்றுவிட்டது. திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். அந்த நிலைமையில் அங்கே ஒரு 'க்' என்ன, யானையே காணாமல் போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அவர் அச்சடித்த கட்டோடு வந்து மேஜையில் போட்டார். "என் சம்பந்தி போன் பண்ணிக் கேக்கறார், கிரிக்கெட் பந்து எடுத்துண்டு வரட்டுமா, இல்லே கால்பந்தான்னு! நான் என்ன சொல்றது?"

மாமா கையைப் பிசைந்தார். நான் அழுதேன். அது நிஜ அழுகை, ஆனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் போன பிறகு, "கண்ணு தெரியலை மாமா, கண்ணாடி போட்டுக்கணும் போலிருக்கு" என்றேன்.

"சேச்சே, கல்யாணமாகாத பொண்ணு! ஒனக்கு எதுக்கும்மா கண்ணாடி? கம்ப்யூட்டருக்கே போட்டுட்டாப் போச்சு!" என்றார்.

சொன்ன மாதிரியே மவுண்ட் ரோடு பக்கம் போய், மானிட்டருக்கு முன்னால் மாட்டுகிற ஒரு கண்ணாடித் தடுப்பை வாங்கிக்கொண்டு வந்தார். கண் கூசாதாம், கெடுதலான கதிரெல்லாம் உள்ளேயே நின்றுவிடுமாம். மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் பழைய குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் புதுசு வைப்பார். கண்ணாடி வந்ததிலிருந்து எழுத்தெல்லாம் மோர் தெளித்த மாதிரி தெரிந்தது. புள்ளி வைத்த எழுத்து எது, தூசி உட்கார்ந்த எழுத்து எது என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். "கண்ணுக்குப் பழகணும், போகப் போகச் சரியாயிடும்" என்றார் மாமா. போகப் போக எரிச்சல் இரண்டு மடங்காயிற்று.

வீட்டில் வைத்தியம் ஆரம்பமானது. உச்சந்தலையில் விளக்கெண்ணெய். தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. கண்ணில் நந்தியாவட்டைப் பூ. எதுவும் கேட்கவில்லை என்றதும் அம்மா, "கம்ப்யூட்டர் வேலைன்னு தெருவெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேனே, கண்ணு பட்டுடுத்து" என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் எரிச்சலுக்கு மிளகாய்ப் புகை! இந்த அறிவைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? நெடி வராவிட்டால் திருஷ்டி நிஜம் என்று அர்த்தமாம். எனக்கு நெடி வந்ததோ இல்லையோ, அன்று ராத்திரி கண்ணைத் திறக்க முடியவில்லை.

கண் டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் அம்மாவுக்கு உதறல். "டாக்டர்னா கண்ணாடி எழுதுவான். சோடாபுட்டியைப் போட்டுண்டு நின்னா எவன் பண்ணிப்பான்? கல்யாணம் ஆகட்டும், அப்புறம் அவா போட்டு விடட்டும்." என்னை ஒரு சின்ன ரிப்பேரோடு, சொல்லாமல் தள்ளிவிடுவதாக ஏற்பாடு. வீட்டை விற்கிறவர்கள் ஒழுகும் இடத்தில் காலண்டர் மாட்டி வைப்பார்களே, அது மாதிரி.

அப்போதுதான் மாம்பலத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பையன் பேங்கில் வேலை. நான் அன்று பாதி நாள் வேலை செய்துவிட்டு ஓடிவந்து, புடவையைச் சுற்றிக்கொண்டு காபி கொண்டு போனேன். பையனின் அம்மா என் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். கண் ரத்தமாகச் சிவந்து, இரண்டு பக்கமும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். சொஜ்ஜியை மிச்சம் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் தரகர் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "கொழந்தை அழுதுண்டே காபி குடுத்தாளாமே. மனசுல வேற யாரோ இருக்கா போலிருக்கு, நாம ஏன் அந்தப் பாவத்தைக் கட்டிக்கணும்ங்கறா."

அவ்வளவுதான். வீட்டில் இடி விழுந்தது.

அம்மா என் கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். சென்டருக்கு வெளியே கோடி வீட்டு மாமியோடு வந்து, காய்கறி வாங்குகிற சாக்கில் நின்று பார்த்தாள். நான் சிரித்தால் ஏன் சிரிக்கிறாய், சும்மா இருந்தால் யாரை நினைக்கிறாய். ஐயோ, ஒருத்தன் இருந்து தொலைத்திருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும்! ராயப்பேட்டை அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் பிள்ளையாரை நகர்த்திக்கொண்டே சொன்னார்:

"யாருமே இல்லாததுக்கே இம்மாம் பேஜாரு பண்றாங்கோ. பேசாம ஒர்த்தன புடிச்சிடு கண்ணு. வாங்கன கெட்ட பேராச்சும் வேஸ்ட் ஆவாது."

என் அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதிகம் பேச மாட்டார், பேசினால் விடையோடுதான் பேசுவார். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"யாருன்னு சொல்லு. சொல்ல மாட்டேன்னா நாளையோட அந்த வேலையை விட்டுடு."

மாம்பலம் பையன் போனதற்கு நான் ஒரு சொட்டுகூட விடவில்லை. வேலையை விடு என்றதும் அவர் காலைப் பிடிக்காத குறைதான். "யாரும் இல்லப்பா. கம்ப்யூட்டர்தான்" என்றேன்.

"பாத்தேளா!" என்று அம்மா அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தாள். "நான் சொல்லலே? அந்த கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஒருத்தன் வரானே, அவன்தான்!"

ரிப்பேருக்கு வருகிறவருக்குப் பேரன் இருந்தான்.

"அம்மா, கம்ப்யூட்டர்காரன் இல்லே. கம்ப்யூட்டர்! அதைப் பாத்துண்டே இருந்தா கண்ணு எரியறது, தண்ணி வரது. அழலை!"

"நாங்களும்தான் டி.வி. பாக்கறோம்" என்றார் அப்பா. "இந்த வயசுலயும் பேப்பரைக் கண்ணாடி இல்லாமப் படிக்கறேன். பெட்டியைப் பாத்தா கண்ணு செவக்குமா? நிரூபி."

அவர் கண்ணாடி இல்லாமல் படிப்பது உண்மைதான். பேப்பர் மட்டும் வருஷா வருஷம் அவரை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கை நீளம் முடிந்ததும் என்ன செய்வார் என்று எனக்கு ஒரு கவலை உண்டு. ஆனால் அன்று எனக்கு வந்த கோபத்தில், "சரி, நாளைக்கு நீயே வந்து என் நாற்காலியில ஒக்காந்து பாருப்பா. ஒனக்கு எரியலேன்னா வேலையை விட்டுடறேன்" என்றேன்.

வந்தார். சனிக்கிழமை, அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, 'பர்ர்' என்று உட்கார்ந்தார். சத்தத்துக்குத் தானே வெட்கப்பட்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை, வாத்தியார் ஒருவர் தன் சென்டருக்கு வந்திருக்கிறாரே. நான் திரையில் நீளமாக ஒரு கோயில் நோட்டீஸைத் திறந்து வைத்து, பிழை பாருப்பா என்றேன்.

முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சுவர் வந்துவிட்டது. முன்னால் வந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் மாதிரி கண்ணை இடுக்கினார். ஏ.சி. காற்று தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மத்தியானம் ஆவதற்குள் கைக்குட்டை வெளியே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது நனைந்தும் போனது. கண்ணைத் துடைத்தார், மறுபடி பார்த்தார், துடைத்தார். வாயைத் திறக்கவில்லை. பிடிவாதம்! யாருடைய பிடிவாதம் எனக்கு வந்திருக்கிறது என்று அன்று தெரிந்தது.

ராயப்பேட்டை அக்காதான் எட்டிப் பார்த்துக் கேட்டார். "இன்னா சார், அயுவுறீங்களா?"

"அழலைம்மா" என்றார் அப்பா. "எரியறது."

எனக்கு அந்த இடத்திலேயே கும்மியடிக்க வேண்டும் போலிருந்தது.

அதோடு அவர் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, விடை வந்தால் மட்டும் போதாது. திரையின் மூலையில் குங்குமக் கறை ஒன்று இருந்தது. அதை நகத்தால் சுரண்டினார். கறை போகவில்லை, மூலை எழும்பியது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். 'சர்ர்ர்' என்று கண்ணாடி மேலிருந்து முழு அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் உரிந்து வந்தது. கீறலும் குங்குமமும் ஈரத் துணியின் கோடும் கொப்புளமுமாக, பெரிய கண்ணில் வளர்ந்த புரை மாதிரி அது அவர் கையில் தொங்கியது.

மாமா ஓடி வந்தார். "ஐயையோ, சார், உரிச்சுடாதீங்கோ! புதுசு சார் அது!"

"புதுசா? வாங்கி எத்தனை நாளாச்சு?"

"வருஷம் ஆகப் போறது சார். இதுநாள் வரைக்கும் எப்படிப் புதுசா வெச்சிருந்தேன், பாத்தேளா!"

வாங்கின அன்றே பிரித்து எறிந்திருக்க வேண்டிய தாளின் வழியாக நான் இத்தனை காலம் கல்யாணம் கல்யாணமாக அடித்துத் தள்ளியிருக்கிறேன். அந்தத் தாளைத்தான் அவர் வாராவாரம் குளிப்பாட்டிப் பொட்டு வைத்திருக்கிறார். மனுஷனைக் கடித்துக் குதறலாமா என்றிருந்தது. அப்பா திரும்பித் திரையைப் பார்த்தார். "அடேடே, இப்பன்னா தெரியறது!" என்று, நோட்டீஸில் புள்ளி விட்டுப்போன இரண்டு எழுத்தை உடனே காட்டினார். மாமா அந்தத் தாளை மடித்து, பத்திரமாக மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

நானும் அப்பாவும் ஒன்றாக நடந்தே வீட்டுக்கு வந்தோம். அவர் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மார்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏன்னா, அழுதேளா? சொல்லிட்டாளா? யாராம்? நம்மவாதானே?"

அப்பா குழாயடிக்குப் போய்க் கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டார். "யாரும் இல்லேடி. கம்ப்யூட்டர்" என்றார்.

"ஈஸ்வரா, ஒங்களையும் சேத்துப் பேச வெச்சுட்டாளே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அப்பா என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். தாளை உரித்தாலும் எரிச்சல் பாதிதான் குறையும், மீதிக்குக் கண்ணாடி வேண்டும் என்றார் டாக்டர். அப்பாவையும் சோதித்துவிட்டு அவருக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தார். லஸ்ஸில் இரண்டு பேருமாக ஃபிரேம் பார்த்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்து ஓவென்று அழுதாள். அவள் கண் நன்றாகவே சிவந்தது. யாரும் அவளை அவன் யார் என்று கேட்கவில்லை.

அடுத்த ஜாதகம் அடையாறிலிருந்து வந்தது. பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், சீக்கிரமே அமெரிக்கா போவான் என்றார்கள். அம்மா என் கண்ணாடியைப் பிடுங்கி ஒளித்து வைக்கப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். நான் கண்ணாடியோடு காபி கொண்டு போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, பார்க்க வந்தவனை நானும் தெளிவாகப் பார்த்தேன். அவனுக்குக் கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தது. பேசப் பேசத் தண்ணீர் வழிந்தது, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டான்.

அவன் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ராப்பகலா கம்ப்யூட்டர் முன்னாடியே ஒக்காந்திருக்கான். கண்ணைப் பாருங்கோ, எப்படிச் செவந்து கெடக்கு! அவ்வளவு ஒழைப்பு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். பூரிப்பு கொஞ்சம் இறங்கியது. "பொண்ணு கண்ணாடி போட்டிருக்காளே, தரகர் சொல்லவே இல்லையே. கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டா சரியாப் போயிடுமோல்லியோ? எங்களுக்கு அவ சம்பாதிச்சு ஆகவேண்டியது ஒண்ணும் இல்லே."

அம்மா "அதுக்கென்ன, விட்டுடுவா" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் அப்பா தன் புதுக் கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டு பையனை உற்றுப் பார்த்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அதே முகம்.

"பையன் அழுதிருக்கான் போலிருக்கே" என்றார், ரொம்பக் கவலையாக. "மனசுல யாராவது இருக்காளான்னு விஜாரிச்சேளோ?"

பையன் சிரிப்பை அடக்கப் பார்த்ததில் கண்ணில் இன்னும் தண்ணீர் வந்தது. அவன் அம்மா எழுந்துகொண்டாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, படியிறங்கிப் போனாள், பின்னாலேயே எல்லோரும் போனார்கள்.

அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா யாரும் தொடாத தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார்.

"நாளைக்கு வேலைக்குப் போகணுமோல்லியோ?" என்றார் என்னிடம். "கண்ணாடியைத் தொடச்சு வெச்சுக்கோ."